நீங்கள் அனுப்பும் செய்திக் குறிப்பை நிருபர் படிக்க வேண்டுமானால்

ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் நான் சப் எடிட்டராக இருந்த காலத்தில், மாலை 5 மணிக்கு மேல்தான் செய்திக் குறிப்புகள் வந்து குவியும். மின்னஞ்சலில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் நிறைய, நேரில் வந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் சிலர். ரத்த தான முகாம், பள்ளி ஆண்டு விழா, கும்பாபிஷேகம், சங்கக் கூட்டம், புதுக் கடை திறப்பு என்று எல்லாமே இருக்கும். பக்கத்தை முடிக்க இருப்பதோ ஒன்றரை மணி நேரம். அதற்குள் நிருபர்கள் அனுப்பிய விபத்து, கொள்ளை, கலெக்டர் ஆய்வு எல்லாவற்றையும் திருத்தி ஏற்றிவிட்டு, மீதி இருக்கிற இடத்துக்குத்தான் இவற்றில் எது ஆகும் என்று தேடுவோம். ஒரு குறிப்புக்குக் கிடைக்கிற நேரம் சில விநாடிகள்.

அப்படி நான் தள்ளிவிட்ட ஒரு குறிப்பு இன்னமும் மனதை உறுத்துகிறது. ஒரு கிராமத்து மகளிர் சுயஉதவிக் குழு அனுப்பியது. லெட்டர் பேடில் கையால் எழுதி, அதைச் சாய்வாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். முதல் பத்து வரியும் யார் தலைமை, யார் முன்னிலை, யார் வரவேற்புரை என்றே போனது. நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் நிருபர் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண்கள் தங்கள் சேமிப்பிலிருந்து பணம் போட்டு, ஊரில் பூட்டிக் கிடந்த நூலகக் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் திறந்திருக்கிறார்கள். திரும்ப எடுத்துப் பார்த்தேன். குறிப்பின் பதினோராவது வரியில் அது இருந்தது.

அந்த வேலையை விட்டு வந்த பிறகு, சின்ன அமைப்புகள் சிலவற்றுக்குச் செய்திக் குறிப்பு எழுத உதவி வருகிறேன். 'தெரிந்த ஆள் இருந்தால்தான் பேப்பரில் வரும்', 'விளம்பரம் கொடுத்தால்தான் போடுவார்கள்' என்று பலர் சொல்வார்கள். சில இடங்களில் அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றுகிற பிரிவு) இருந்து பார்த்தவரை, பெரும்பாலான குறிப்புகள் நின்றுபோனதற்குக் காரணம் வேறு. அதைப் படித்து, புரிந்து, தட்டச்சு செய்து, விட்டுப்போன விவரத்தைப் போன் போட்டுக் கேட்டுப் பக்கத்தில் ஏற்றுவதற்கு ஆகிற வேலை, அதில் இருக்கிற செய்தியைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வேலையை நீங்கள் குறைத்துக்கொடுத்தால் போதும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், யாருக்கு அனுப்புகிறோம்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு, பத்திரிகையின் இணையதளத்தில் கிடைக்கிற சென்னைத் தலைமை அலுவலக முகவரிக்கு அனுப்புவது. தினத்தந்தி 1942-ல் மதுரையில் தொடங்கியது, தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. இன்று இவை பல ஊர்களில் பல பதிப்புகளாக அச்சாகின்றன. மற்ற பெரிய நாளிதழ்களும் அப்படித்தான். உங்கள் ஊர்ச் செய்தி போகிற வழி, தாலுகா நிருபர், மாவட்ட நிருபர், அப்புறம் பதிப்பு அலுவலகத்து டெஸ்க். ஆகவே நீங்கள் தேட வேண்டிய முதல் ஆள் உங்கள் தாலுகா நிருபர்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ஊர்ப் பேப்பர் ஏஜெண்டைக் கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் நிருபரின் எண் இருக்கும், சில ஊர்களில் ஏஜெண்டே நிருபராகவும் இருப்பார். இல்லையென்றால் பதிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்தத் தாலுகாவை யார் பார்க்கிறார் என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கூடவே டெஸ்க்கின் மின்னஞ்சலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளிதழ், இரண்டு மாலை நாளிதழ், உள்ளூர்த் தொலைக்காட்சி என்று பத்துப் பேர் கொண்ட ஒரு பட்டியல் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைச் சரிபாருங்கள், நிருபர்கள் அடிக்கடி மாறுவார்கள்.

தாலுகா நிருபர்கள் பலர் பகுதி நேரமாக வேலை செய்கிறவர்கள், வேறு ஒரு தொழிலும் வைத்திருப்பார்கள். போலீஸ் ஸ்டேஷன், ஜி.ஹெச்., கோர்ட், தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். அதனால் அவருடைய வாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டு நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பது நல்லது. திங்கட்கிழமை காலையில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், மாவட்ட நிருபர்கள் அங்கே இருப்பார்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள், அன்றைக்கு எல்லா ஊராட்சியிலிருந்தும் செய்தி வரும். இந்த நாட்களில் உங்கள் விழாவை வைத்துக்கொண்டு யாரும் வரவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மாறாக, ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகச் செய்தி குறைவு, திங்கட்கிழமை பேப்பரில் இடம் இருக்கும். நான் டெஸ்க்கில் இருந்தபோது ஞாயிறு மாலை ஒரு நல்ல குறிப்பும் படமும் வந்தால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

செய்தி எது என்று கண்டுபிடிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், பலர் செலவழிப்பதே இல்லை.

ஓர் உதாரணம். புரட்டாசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தமிழ்நாடு முழுக்கப் பனை விதை நடுகிறார்கள், நல்ல காரியம். '5,000 பனை விதைகள் நடும் விழா', '10,000 பனை விதைகள் நடும் விழா' என்று ஒரே வாரத்தில் ஏழெட்டுக் குறிப்பு வரும். டெஸ்க்கில் இருப்பவர் ஒன்றைப் போடுவார், மீதியைச் சேர்த்து ஒரு சிறு செய்தியாக்குவார், இடமில்லையென்றால் விட்டுவிடுவார். எல்லாமே ஒரே மாதிரி இருக்கும்போது உங்களுடையதை ஏன் எடுக்க வேண்டும்?

இப்போது யோசியுங்கள். போன வருடமும் நீங்கள்தானே நட்டீர்கள், அவை என்ன ஆயின? பனை விதை முதலில் மண்ணுக்குள் கீழே கிழங்கு விட்டு, அப்புறம்தான் மேலே இலை காட்டும், அதற்குப் பல மாதம் ஆகும். அதனால் நட்டவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. நீங்கள் போய், ஏரிக்கரையில் நடந்து, ஒன்று ஒன்றாக எண்ணி, இத்தனை நட்டோம், இத்தனை முளைத்திருக்கிறது, இந்தப் பக்கம் ஆடு மேய்ந்ததால் ஒன்றும் தேறவில்லை என்று சொன்னால், அந்த வாரம் வந்த குறிப்புகளில் அது ஒன்றுதான் புதிதாக ஒன்றைச் சொல்லும். வாசகருக்கும் அதில் பயன் இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர் ஆடு வராத பக்கம் நடுவார்.

ஆகவே எழுத உட்காருவதற்கு முன் இந்தக் கேள்விகளை உங்கள் குழுவில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். இதனால் ஊரில் யாருக்கு என்ன மாறியது? நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது? எண்ணிச் சொல்லக்கூடியது ஏதாவது உண்டா? உங்கள் குழுவில் இல்லாத ஒருவர், டீக்கடையில் பேப்பர் பார்க்கிறவர், இதை ஏன் படிக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அன்றைக்குக் குறிப்பு அனுப்ப வேண்டாம். மாதம் நான்கு வெறும் குறிப்பு அனுப்புகிற அமைப்பின் பெயரைப் பார்த்தாலே திறக்காமல் போகிற பழக்கம் டெஸ்க்கில் வந்துவிடும், ஐந்தாவதாக உண்மையான செய்தி வரும்போது அதுவும் போய்விடும்.

இன்னொன்று. உங்கள் நிகழ்ச்சிக்குக் கலெக்டரோ அமைச்சரோ வந்தால், மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் தானே ஒரு செய்தி வெளியீட்டை அனுப்பிவிடும். அதில் அவர் வந்தார், தொடங்கிவைத்தார், பேசினார் என்பதுதான் முதலில் வரும். அது அவர்கள் வேலை. நீங்கள் அதையே மறுபடி எழுதி அனுப்பாதீர்கள். அவர் தொடங்கிவைத்த அந்தக் காரியத்தை ஆறு மாதமாக யார் செய்தார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று உங்கள் பக்கத்தை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள்.

எழுதும் முறை

நம் ஊர்ச் செய்திக் குறிப்புக்கு ஒரு பழைய அச்சு இருக்கிறது. 'இன்னார் தலைமை தாங்கினார், இன்னார், இன்னார், இன்னார் முன்னிலை வகித்தனர், இன்னார் வரவேற்றார்' என்று தொடங்கி, 'முடிவில் இன்னார் நன்றி கூறினார்' என்று முடியும். மேடையில் நடந்த வரிசையை அப்படியே எழுதுவது இது. பெயர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது, சின்ன ஊரில் அது நிஜமான பிரச்சினை. அதற்கு ஒரு வழி, பெயர்ப் பட்டியலை மொத்தமாகக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோய்விடுங்கள். இடம் இருந்தால் பத்திரிகை போடும், இல்லையென்றால் அங்கிருந்து வெட்டும். டெஸ்க்கில் வெட்டுவது எப்போதும் கீழிருந்துதான், ஆகவே போனால் பரவாயில்லை என்பதெல்லாம் கீழே இருக்க வேண்டும்.

மேலே இருக்க வேண்டியது நடந்தது என்ன என்பது. நான் சொன்ன பனை விதையையே எடுத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை). வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"எங்கள் அமைப்பின் சார்பில் மாபெரும் பனை விதை கணக்கெடுப்பு மற்றும் விழிப்புணர்வு நிகழ்ச்சி மிகச் சிறப்பாக நடைபெற்றது. நிகழ்ச்சிக்கு அமைப்பின் தலைவர் தலைமை தாங்கினார். செயலாளர், பொருளாளர் முன்னிலை வகித்தனர்..."

இதையே இப்படி மாற்றுங்கள்:

"ஏரிக்கரையில் நட்ட 3,000 பனை விதைகளில் 1,120 முளைத்தன: மாணவர்கள் கணக்கெடுப்பு

(ஊர்), அக். 5: (ஊர்) பெரிய ஏரிக்கரையில் கடந்த ஆண்டு நடப்பட்ட 3,000 பனை விதைகளில் 1,120 முளைத்திருப்பது, அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் 42 பேர் ஞாயிற்றுக்கிழமை நடத்திய கணக்கெடுப்பில் தெரியவந்தது. முளைக்காத வடக்குக் கரையில் வரும் 18-ம் தேதி மீண்டும் விதை நடப்படுகிறது."

இரண்டாவதை எடுத்து சப் எடிட்டர் அப்படியே பக்கத்தில் வைத்துவிடலாம். அதற்குக் கீழே ஒரு பத்தியில் எப்படி எண்ணினார்கள், ஏன் அந்தக் கரையில் முளைக்கவில்லை, அடுத்ததில் ஒருவர் சொன்னது, அதற்கடுத்து உங்கள் அமைப்பைப் பற்றி இரண்டு வரி, பெயர்ப் பட்டியல், கடைசியில் தொடர்புக்கு ஒருவருடைய பெயரும் கைப்பேசி எண்ணும். மொத்தம் 200 சொல், மிஞ்சினால் 250. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

ஒருவர் சொன்னதாகப் போடுகிற வரியில் கவனம் வையுங்கள். 'இயற்கையைப் பாதுகாப்பது நம் அனைவரின் கடமை என்று அவர் கூறினார்' என்பதை யார் வேண்டுமானாலும் எந்த மேடையிலும் சொல்லலாம், டெஸ்க்கில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். எண்ணப் போன மாணவர் ஒருவரிடம் கேட்டால், 'முள்ளுக்குள்ள கிடந்ததுல மட்டும் நிறைய முளைச்சிருந்துச்சு, ஆடு போக முடியாத இடம்' என்று சொல்லியிருப்பார். அதை எழுத்துத் தமிழில் லேசாக ஒழுங்கு செய்து போடுங்கள், கருத்தை மாற்றாதீர்கள், அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.

மாபெரும், மிகச் சிறப்பாக, எழுச்சியுடன், வரலாறு காணாத என்ற சொற்களையெல்லாம் எடுத்துவிடுங்கள். 'ஏராளமானோர் கலந்துகொண்டனர்' என்பதற்குப் பதிலாக எண்ணிக்கையை எழுதுங்கள், 60 பேர் வந்திருந்தால் 60 என்றே எழுதுங்கள். நிருபர் வந்து பார்த்திருக்கலாம், படத்திலும் தெரியும்.

நாளைக் குறிப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் எழுதுகிற 'இன்று', மறுநாள் பேப்பரில் 'நேற்று' ஆகிவிடும். மாலை நாளிதழில் அது 'இன்று' என்றே இருக்கும். தேதியும் கிழமையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் பாருங்கள், பொருந்தவில்லையென்றால் டெஸ்க் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், செய்ய நேரமில்லையென்றால் குறிப்பு நின்றுவிடும். பெயர்களில் முதலெழுத்து, ன வருமா ண வருமா, ர வருமா ற வருமா என்பதை உரியவரிடமே கேட்டு எழுதுங்கள். போனில் பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். பதவியின் பெயரும் சரியாக இருக்க வேண்டும், வட்டார வளர்ச்சி அலுவலரை வட்டாட்சியர் என்று எழுதினால் அவரும் வருத்தப்படுவார், பத்திரிகையும் மறுநாள் திருத்தம் போட வேண்டியிருக்கும்.

நடக்கப் போகிற நிகழ்ச்சிக்கான குறிப்பு வேறு, நடந்து முடிந்ததற்கான குறிப்பு வேறு. முன்கூட்டியே அனுப்புவதில் என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, யாரெல்லாம் வரலாம், கட்டணம் உண்டா, முன்பதிவு வேண்டுமா என்பதுதான் முக்கியம். இலவசக் கண் சிகிச்சை முகாம் என்றால் ஆதார் கொண்டுவர வேண்டுமா, அறுவை சிகிச்சைக்கு அன்றைக்கே அழைத்துப் போவார்களா என்பதையும் சேருங்கள், ஊர்ப் பெரியவர்கள் அதைத்தான் கேட்பார்கள். இதை மூன்று நாளைக்கு முன்னால் அனுப்பி, முதல் நாள் காலையில் ஒரு வரி நினைவூட்டுங்கள்.

எழுத்துரு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நல்ல குறிப்புகள் நிறைய இதில்தான் அடிபட்டுப் போகின்றன. டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்து வாங்கினால் அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். வானவில், பாமினி, டாம், டாப் என்று பல முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அரசே 1999-ல் டாம், டாப் முறைகளை ஏற்று, பிறகு 2010-ல், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற பொது முறையான யூனிகோடை ஏற்றது, ஆனாலும் பழையவை போகவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் குறிப்பைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். மாற்றித் தருகிற மென்பொருள் இருக்கிறது, டெஸ்க்கிலும் வைத்திருப்பார்கள், ஆனால் எது எந்த முறை என்று மாலை 6 மணிக்கு யாரும் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

யூனிகோடில் அடியுங்கள். கைப்பேசியில் தமிழில் அடிப்பது எல்லாமே யூனிகோடுதான். கணினியில் அடித்தது யூனிகோடா என்று தெரியாவிட்டால், அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள், கைப்பேசியில் தமிழாகத் தெரிந்தால் சரி.

பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, ஒவ்வொரு சொல்லையும் திருத்த வேண்டிவரும். லெட்டர் பேடைப் போட்டோ எடுத்து அனுப்பினால் முழுவதையும் யாராவது மறுபடி அடிக்க வேண்டும். லெட்டர் பேடில் கையெழுத்தோடு ஒரு பிரதி வேண்டும் என்று சில நிருபர்கள் கேட்பார்கள், உண்மையிலேயே அந்த அமைப்பிலிருந்துதான் வந்தது என்பதற்காக. அதை இணைப்பாக வையுங்கள், மேட்டரை, அதாவது குறிப்பின் வாசகத்தை, மட்டும் மின்னஞ்சலின் உள்ளேயே எழுத்தாக ஒட்டிவிடுங்கள்.

படம்

மேடையில் பதினைந்து பேர் வரிசையாக நின்று, நடுவில் இருப்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம் டெஸ்க்குக்கு ஒரு நாளைக்கு இருபது வரும். அதில் முகங்கள் கடுகு அளவில் இருக்கும். அதற்குப் பதில் இரண்டு மாணவர்கள் குனிந்து முளையைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிற படம் ஒன்று, கொஞ்சம் கிட்டப் போய் எடுத்தது, அனுப்புங்கள். செய்திக்கு இடமில்லாத நாளில்கூட நல்ல படத்துக்கு இடம் கிடைக்கும், படத்தோடு நான்கு வரி போடுவார்கள், உங்களுக்குத் தேவையானது அந்த நான்கு வரியில் வந்துவிடும்.

கைப்பேசியைப் படுக்கை வசமாகப் பிடித்து எடுங்கள். வெயில் முகத்துக்கு நேரே இருக்கட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். மூன்று படம் போதும். நான்கு படத்தை ஒட்டி ஒன்றாக்கி, மூலையில் அமைப்பின் சின்னமும் தேதியும் போட்டு அனுப்புவதை அச்சில் பயன்படுத்த முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆகவே 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு வரி எழுதி, எந்தப் படத்துக்கு எது என்று எண் போட்டுவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கிற படத்துக்குப் பெற்றோரிடமோ பள்ளியிலோ முன்பே கேட்டுவிடுங்கள். காப்பகக் குழந்தைகளுடன் பிறந்தநாள் கொண்டாடினோம் என்று முகம் தெரிய வருகிற படங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, ஊர், குடும்பம் என எதையும் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. இப்படிப்பட்ட துறையில் வேலை செய்கிற அமைப்புகள், 'பத்திரிகை பார்த்துக்கொள்ளும்' என்று விவரத்தை எழுதி அனுப்பிவிடக் கூடாது, உங்கள் குறிப்பிலேயே அது இருக்கக் கூடாது.

அனுப்புவதும் அதற்குப் பிறகும்

மின்னஞ்சலின் தலைப்பு வரியில் 'பத்திரிகைச் செய்தி' என்று மட்டும் எழுதினால், அந்தப் பெட்டியில் இருக்கிற எல்லாமே பத்திரிகைச் செய்திதான். ஊரின் பெயரையும் செய்தியையும் போடுங்கள், மேலே எழுதிய தலைப்பே போதும், முன்னால் ஊர்ப் பெயர், பின்னால் 'படம் உண்டு' என்று இரண்டு சொல். பத்துப் பத்திரிகை முகவரியையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வரிசையாகப் போடாதீர்கள், பிசிசி-யில் போடுங்கள். முடிந்தால் தனித்தனியாகப் பெயர் சொல்லி அனுப்புங்கள், பத்துப் பேருக்குத்தானே, பதினைந்து நிமிடம் ஆகும். வாட்ஸ்அப்பில் என்றால் மேட்டர் ஒரே செய்தியாக, படம் அதற்குக் கீழே. குரல் பதிவு வேண்டாம். ஆங்கில நாளிதழுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதுங்கள், அவர்கள் வாசகர் வேறு என்பதால் எதை முன்னால் வைப்பது என்பதும் மாறும்.

நேரம் ரொம்ப முக்கியம். மாவட்டப் பக்கங்கள் முன்பக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும், தூர ஊருக்குப் போகிற வண்டிக்காகச் சில பதிப்புகள் இன்னும் சீக்கிரம் அச்சுக்குப் போகும். நிகழ்ச்சி காலையில் என்றால் மதியம் 2 மணிக்குள் அனுப்பிவிடுங்கள், மாலை 4 மணியைத் தாண்டவிடாதீர்கள். மாலை நாளிதழ்களுக்கு முற்பகலிலேயே போக வேண்டும். சரியான நேரத்தை உங்கள் நிருபரிடமே கேட்டுவிடலாம், இப்படிக் கேட்கிறவர்களை அவர்களுக்குப் பிடிக்கும். என் அனுபவத்தில், நிகழ்ச்சிக்கு முதல் நாளே குறிப்பின் முக்கால்வாசியை எழுதி வைத்துவிட்டு, அன்றைக்கு எண்ணிக்கையையும் ஒருவர் சொன்னதையும் மட்டும் சேர்த்து அனுப்புகிறவர்கள்தான் நேரத்துக்கு அனுப்புகிறார்கள்.

அனுப்பிய பிறகு ஒரு முறை மட்டும் நிருபருக்குப் போன் செய்து, 'சார், அனுப்பியிருக்கிறேன், ஏதாவது விவரம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அதன் பிறகு இரவு 8 மணி வரை உங்கள் போன் சைலண்டில் இருக்கக் கூடாது. டெஸ்க்கிலிருந்து ஒரு பெயரைச் சரிபார்க்கக் கூப்பிடும்போது எடுக்காமல் போனதால் நின்றுபோன செய்திகள் எத்தனையோ. அச்சுக்குப் போகும் முன் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சண்டை போடாதீர்கள், பெரும்பாலும் அது நிருபர் கையில் இருக்காது, அவர் அனுப்பியிருப்பார், டெஸ்க்கில் நின்றிருக்கும், அன்றைக்கு ஒரு பஸ் விபத்து நடந்திருக்கும். வந்ததில் தவறு இருந்தால் எந்த வரி, சரியானது எது என்று அமைதியாகச் சொல்லுங்கள். வந்துவிட்டால் நன்றி என்று ஒரு வரி அனுப்புங்கள், அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

பணம் கொடுக்காதீர்கள். பெட்ரோல் செலவுக்கு என்று உறையில் போட்டுக் கொடுக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகள் இப்படி வாங்குவதைத் தவறு என்கின்றன. ஒரு முறை கொடுத்துவிட்டால் அடுத்த முறை உங்கள் செய்திக்கு மதிப்பு இல்லை, உறைக்குத்தான் மதிப்பு. வெயிலில் வந்தவருக்குத் தண்ணீரும் டீயும் கொடுங்கள், எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடச் சொல்லுங்கள், அது நம் வழக்கம், அதில் தவறில்லை. விளம்பரம் கொடுக்க விரும்பினால் விளம்பரப் பிரிவுக்குத் தனியாகக் கொடுங்கள், இரண்டையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பேசாதீர்கள்.

செய்தியாளர் சந்திப்பு தேவையா என்று கேட்பார்கள். சென்னையில் சேப்பாக்கம் பத்திரிகையாளர் மன்றத்தில் இடம் எடுத்து நடத்துகிறார்கள், மாவட்டங்களிலும் நடக்கிறது. சின்ன அமைப்புக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. நேரில் கேள்வி கேட்க வேண்டிய விவகாரம், ஆவணம் காட்ட வேண்டிய புகார், இப்படி இருந்தால் மட்டும் நடத்துங்கள்.

தவறு நடந்துவிட்டால்

உங்கள் முகாமில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வந்துவிட்டது, நீங்கள் தூர்வாரிய குளத்தின் கரை மழையில் உடைந்துவிட்டது. இப்படி நடக்கும்போது போனை அணைத்து வைப்பதுதான் முதலில் தோன்றும். செய்திக் குறிப்பு என்ற வழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பெட்டிகள் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில்வேக்காக வேலை செய்த மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ, மற்றவர்கள் எழுதுவதற்காகக் காத்திருக்காமல், நடந்ததைப் பற்றி நிறுவனமே ஓர் அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும்படி செய்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே வெளியிட்டது. செய்திக் குறிப்பின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது இதைத்தான். தான் அனுப்பும் குறிப்புகளில் இருப்பது விளம்பரம் என்று நினைத்தால் பயன்படுத்த வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கு வெளிப்படையாகவே அவர் அந்த ஆண்டில் எழுதியும் இருந்தார்.

அதேபோல, என்ன நடந்தது, எத்தனை பேர், இப்போது எங்கே சிகிச்சை, நீங்கள் என்ன செய்கிறீர்கள், இன்னும் தெரியாதது எது என்று ஐந்து வரி எழுதி, ஒரே ஆள் பேசும்படி வைத்து, நீங்களே முதலில் அனுப்பிவிடுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள், யார் மேலும் பழி போடாதீர்கள். அன்றைக்குப் போனை எடுத்துப் பேசிய அமைப்பை நிருபர்கள் வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள்.

அப்புறம், குறிப்பு வெளியானதும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு வெட்டி ஒரு கோப்பில் வையுங்கள், அனுப்பிய குறிப்பையும் பக்கத்திலேயே வைத்து, எந்த வரி அப்படியே வந்தது, எது வெட்டுப்பட்டது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கைந்து முறை இப்படிப் பார்த்தாலே உங்கள் ஊர் டெஸ்க்குக்கு எது வேண்டும் என்று கை பழகிவிடும். அடுத்த புரட்டாசியில் ஏரிக்கரைக்குப் போய் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை 1,120-லிருந்து 800 ஆகக் குறைந்திருந்தாலும், ஏன் குறைந்தது என்ற காரணத்தோடு அதே நிருபருக்கு அனுப்புங்கள்.